தேதியே தெரியாத தேர்வுக்கு டூட்டி மாற்றுவது எப்படி? முனைவர் பட்டத் தேர்வுக்குழுவுக்கு ஒரு செவிலியரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நைட் டூட்டி முடித்து வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்காவது வாக்கியம் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்குள் போகும் முன் தேற வேண்டிய தகுதித் தேர்வின் விடைத்தாளில் இந்தச் சலுகை கிடைக்காது என்று தெரியும், அதனால் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை இரவு உங்கள் மின்னஞ்சல் வந்தது. அதில் என்ன இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த மாதக் கடைசியில் இருக்கும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவந்த தேர்வு இன்னும் 11 நாளில். வாசிப்புப் பட்டியல் "சற்றே புதுப்பிக்கப்பட்டுள்ளது". சற்றே என்றால் புதிதாக 41 கட்டுரைகள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தேர்வுத் தேதி, வாசிப்புப் பட்டியல், மதிப்பெண் போடும் முறை, இந்த மூன்றையும் தேர்வுக்கு 12 வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள். இந்த முறைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

12 வாரம் என்பது நான் மனம் போன போக்கில் சொன்ன கணக்கு இல்லை. எங்கள் வார்டில் டூட்டி லிஸ்ட் 6 வாரத்துக்கு முன்பே ஒட்டிவிடுவார்கள். லீவு வேண்டுமென்றால் லிஸ்ட் போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அதோடு படிக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் 12. ஒட்டிய பிறகு கேட்டால் நாமே ஆள் பிடிக்க வேண்டும், என் டூட்டியை அவர் பார்க்க, அவர் டூட்டியை நான் பார்க்க, அப்புறம் அதற்கு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க. மூன்று நாள் எழுத்துத் தேர்வு, ஒரு நாள் வாய்மொழித் தேர்வு, ஆக நான்கு நாளை விடுவித்துக்கொள்ள இந்த வாரம் தொடர்ந்து நான்கு நைட் பார்த்தேன். பகலில் உங்கள் 41 கட்டுரைகள், இரவில் நோயாளிகள். தூக்கத்துக்கு என்று தனியாக நேரம் மிஞ்சவில்லை.

யூனிபார்ம் பாக்கெட்டில் சின்னச் சின்ன அட்டைகள் வைத்திருந்தேன். ஒன்றில் செவிலியக் கோட்பாட்டாளர் கார்ப்பர் 1978-இல் சொன்ன நான்கு வகை அறிதல்: அறிவியல் அறிவு, அழகியல், தன்னறிவு, அறம். இன்னொன்றில் செவிலியத் துறைக்கு ஃபாசெட் வகுத்த நான்கு மூலக் கருத்துகள்: மனிதர், சூழல், உடல்நலம், செவிலியம். மானிட்டர் கத்தாத ஐந்து நிமிடம் கிடைத்தால் எடுத்துப் பார்ப்பேன், கத்தினால் உள்ளே போட்டுவிடுவேன். ஓரெமின் கோட்பாட்டை எழுதிய அட்டையை பாக்கெட்டிலிருந்து எடுக்க மறந்து சட்டையோடு துவைக்கப் போட்டுவிட்டேன், வெள்ளைத் துணியில் நீலக் கறை இன்னும் போகவில்லை. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள ஒருவருக்குத் தேவைப்படுவதும் அவரால் முடிவதும் பொருந்தாமல் போகும்போது செவிலியரின் உதவி தேவைப்படுகிறது, அதுதானே ஓரெம்? அட்டை போனால் என்ன, கண்ணாடியைப் பார்த்தே எழுதிவிடலாம்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. நான்காவது நைட், விடியற்காலை மூன்று மணி இருக்கும், ஒரு நோயாளிக்கு ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருந்தது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, அளவு கூடினால் ரத்தக்கசிவு ஆபத்து. வேகத்தை மாற்றச் சொல்லி ஆர்டர். மணிக்கு 8 மில்லி வைக்க வேண்டும். பம்ப்பில் நான் 18 என்று அழுத்தியிருந்தேன். ஹெப்பாரினை ஒருவர் மட்டும் பார்த்து ஓட விடக் கூடாது, இரண்டாவது செவிலியர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. என்னைவிட ஆறு வயது இளைய அந்தப் பெண் வந்து, திரையைப் பார்த்தாள், ஆர்டரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, ஒண்ணு கூட இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஸ்டார்ட் பட்டனை நான் இன்னும் தொட்டிருக்கவில்லை. நோயாளி தூங்கிக்கொண்டிருந்தார், அவருக்கு இது எதுவும் தெரியாது. நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நடக்காமல் தப்பிய பிழைக்கும் ஒரு படிவம் உண்டு, அதை நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் "தூக்கமின்மை" என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத அங்கே இடம் இல்லை. இடம் இருந்திருந்தால் உங்கள் மின்னஞ்சலையும் இணைத்திருப்பேன்.

பழி முழுவதையும் உங்கள் மேல் போடவில்லை. டூட்டி மாற்றிக்கொண்டது நான், பம்ப்பை அழுத்தியதும் என் விரல்தான். ஆனால் பிழை நடந்தால் ஆளைத் திட்டுவதோடு நிற்காதே, அந்த ஆளை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டையும் பார் என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்களே நீங்கள்தானே. சரி, பார்க்கிறேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அளவு எழுதாத மருந்து ஆர்டரை எந்த நர்ஸும் கொடுக்க மாட்டார். "தேவையான அளவு, தகுந்த நேரத்தில்" என்று ஒரு டாக்டர் எழுதினால் போன் போட்டு என்ன அளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கிவிட்டுத்தான் மறுவேலை. மதிப்பெண் எப்படிப் போடுவீர்கள் என்று நான் கேட்டதற்கு உங்களிடமிருந்து வந்த பதில், "முனைவர் பட்ட நிலைக்குரிய ஆழம் எதிர்பார்க்கப்படுகிறது". இது எத்தனை மில்லிகிராம்?

சென்ற பேட்சில் என் தோழி ஒருத்தி தேறவில்லை. அவளுக்கு வந்த இரண்டு கருத்துத் தாள்களையும் காட்டினாள். ஒரே விடைக்கு ஒரு தேர்வாளர் "கோட்பாடு அதிகம், நடைமுறையோடு தொடர்பு இல்லை" என்கிறார், இன்னொருவர் "கோட்பாட்டு அடித்தளம் போதவில்லை" என்கிறார். அவள் எதைத் திருத்துவாள்? படுக்கைப்புண் எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு செவிலியர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லும் ஆய்வை நான் கொண்டுவந்தால், முதலில் என்ன கேட்பீர்கள்? இருவரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள், அதை அளக்கும் கோஹென் கப்பா எவ்வளவு. 1960-இலிருந்து இருக்கிற கணக்கு அது. அதைப் போடாமல் வந்தால் ஆய்வையே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஒருவரின் நான்கு வருட வாழ்க்கையை நிறுத்துகிற தேர்வுக்கு அந்தக் கப்பா வேண்டாமா? இரண்டு முறை தவறினால் வெளியே போக வேண்டும் என்ற விதி மட்டும் நல்ல தெளிவாக, தடித்த எழுத்தில் இருக்கிறது.

பட்டியலில் மிஷெலும் இருக்கிறார், நோயில் நிச்சயமின்மை பற்றிய 1988-ஆம் ஆண்டுக் கோட்பாடு. நோயாளிக்கு நிச்சயமின்மை எந்தெந்த வடிவத்தில் வருகிறது? தன் நிலைமை தெளிவாக இல்லை, சிகிச்சையும் அதைச் சுற்றியுள்ள ஏற்பாடும் சிக்கலாக இருக்கின்றன, போதிய தகவல் இல்லை, அடுத்து எப்படிப் போகும் என்று கணிக்க முடியவில்லை. இதை அட்டையில் எழுதும்போதே, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். உங்கள் மின்னஞ்சல்தான். இதில் கேள்வி வந்தால் உதாரணத்துக்கு நான் வெளியே அலைய வேண்டியதில்லை.

சேர்க்கைக்கான கையேட்டில் "பணியில் இருக்கும் செவிலியர்களுக்கு ஏற்ற படிப்பு" என்று போட்டிருக்கிறீர்கள். அட்டைப்படத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிறாள், நன்றாகத் தூங்கி எழுந்த முகம். எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் செவிலியர் கல்லூரிகளில் பாடம் நடத்த முனைவர் பட்டம் பெற்றவர்கள் கிடைக்கவில்லை என்ற புலம்பல்தான். கிடைக்கமாட்டார்கள். பாதி வழியில் நிறுத்திவிட்டுப் போன இரண்டு பேரை எனக்கே தெரியும், இருவரும் வார்டில் கெட்டிக்காரர்கள். பாடம் முடித்து, தகுதித் தேர்வு வரை வந்து, இதே மாதிரி ஒரு மின்னஞ்சலுக்குப் பிறகு சரிதான் போ என்று விட்டுவிட்டார்கள். அவர்களைப் பற்றி எந்தக் கூட்டத்திலாவது பேசியிருக்கிறீர்களா? சம்பளத்தைப் பற்றி, வழிகாட்டி பாதியில் வேறு இடம் போய்விடுவதைப் பற்றியெல்லாம்கூட எழுதலாம், ஆனால் அது வேறு மடல். நிறுத்திக்கொள்கிறேன்.

கோபத்தில் கொஞ்சம் வார்த்தை நீண்டுவிட்டது. உங்களில் பலர் நைட் டூட்டி பார்த்துக்கொண்டே படித்து வந்தவர்கள் என்று தெரியும், ஒருவர் அதை வகுப்பிலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் கஷ்டப்பட்டோம், நீங்களும் படுங்கள் என்று நீங்கள் நினைக்கவில்லை என்றே நம்ப விரும்புகிறேன். தேர்வை எளிதாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கடினமாகவே இருக்கட்டும். ஒரு கோட்பாட்டை எடுத்து உரசிப் பார்க்கத் தெரியுமா, ஓர் ஆய்வு வடிவமைப்பில் ஓட்டை எங்கே என்று காட்டத் தெரியுமா, இதெல்லாம் தெரியாமல் ஆய்வுக்குள் போகக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. புதிதாகச் சேர்த்த 41-இல் இதுவரை 19 படித்தேன், அதில் நாலைந்து உண்மையிலேயே அருமையான கட்டுரைகள், நிதானமாகப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆறு நாளில் நிதானம் எங்கே வரும்?

ஆகவே தயவுசெய்து தேதி, பட்டியல், மதிப்பெண் முறை, மூன்றையும் 12 வாரம் முன்பே கொடுங்கள். கொடுத்த பிறகு மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தேதியையும் அதற்கேற்பத் தள்ளி வையுங்கள். அடுத்த திங்கட்கிழமை தொடங்குவதாக இருக்கும் தேர்வை அதே 12 வாரக் கணக்கில் மாற்றி அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த டூட்டி லிஸ்டுக்கான லீவு விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். தேதி எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். வியாழனுக்குள் பதில் போட்டால் நிரப்பிக் கொடுத்துவிடுவேன்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் முனைவர் பட்ட மாணவி, மூன்றாம் ஆண்டு