கட்டுப் போட்டதோடு வேலை முடியவில்லை: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள், கருத்தடைக்கு நாய்களைக் கொண்டுபோனது, வெறிநாய்க்கடித் தடுப்பூசி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த முறை நான் ஒரே விஷயத்தைத்தான் எழுதப்போகிறேன். அடிபட்டு எலும்பு முறிந்து கிடக்கும் நாயையோ பூனையையோ நடுராத்திரியிலும் ஓடிப்போய்த் தூக்கிவருவதில் நாம் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று மாதத்தைக் கோட்டை விடுகிறோம்.

செவலையை எல்லோருக்கும் தெரியும். ஐந்து மாத நாய்க்குட்டி, பைக் மோதி பின்னங்கால் தொடை எலும்பு முறிந்தது. அந்த நேரத்தில் டாக்டர் கிடைக்காததால், மனிதர்களுக்குப் புத்தூர் கட்டுப் போடுவதைப் பார்த்த பழக்கத்தில், நம்மவர் ஒருவர் மூங்கில் பட்டை வைத்துக் காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டினார். குட்டி அழாமல் தூங்கியதைப் பார்த்து மூன்று வாரம் அப்படியே விட்டுவிட்டோம். பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது, முட்டி மடங்கவே இல்லை. தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொண்டு, கால் குச்சி மாதிரி விறைத்துவிட்டது.

முறிந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் நின்றால்தான் கட்டு வேலை செய்யும். தொடைக்கு மேலே இருப்பது இடுப்பு மூட்டு, சாதாரணக் கட்டு அதைப் பிடிக்காது. கட்டின் மேல்விளிம்பு முறிவுக்குப் பக்கத்திலேயே முடிந்துபோவதால் கீழே தொங்கும் கனமெல்லாம் முறிந்த இடத்தைத்தான் நெம்பும். முன்னங்காலில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவிலுள்ள எலும்புக்கும் இதே கதைதான். அதனால் இந்த இரண்டு இடத்திலும் இனி யாரும் கட்ட வேண்டாம், கெட்டியான அட்டையிலோ பலகையிலோ படுக்கவைத்து அப்படியே கொண்டுபோங்கள்.

அப்புறம் ஒரு உறுப்பினர் வீட்டுப் பொமரேனியன். சோபாவிலிருந்து குதித்தது, அவ்வளவுதான், முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு எலும்பும் முறிந்தன. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் கழித்துப் பிரித்தால், அந்த இடத்தில் இன்னொரு மூட்டு முளைத்த மாதிரி கால் ஆடியது. எக்ஸ்ரேயில் முறிந்த முனைகள் சீவிய பென்சில் போலத் தேய்ந்திருந்தன. சின்ன ஜாதி நாய்களுக்கு அந்த இடத்தில் ரத்தக்குழாய் குறைவு, மேலே போர்த்தச் சதையும் இல்லை, அதனால் அங்கே மாவுக்கட்டை மட்டும் நம்பக்கூடாது, பெரும்பாலும் பிளேட்தான் (ஆபரேஷன் செய்து எலும்பின்மேல் ஸ்க்ரூவால் பொருத்தும் உலோகப் பட்டை) வழி என்பதை நாம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். எலும்பு சேராமல் போவதிலும் இரண்டு விதம் உண்டு. ரத்த ஓட்டம் இருந்தும் ஆட்டத்தால் சேராதது ஒன்று, அங்கே முனைகள் யானைப் பாதம் போலத் தடித்து நிற்கும், உறுதியாகப் பிடித்துக் கொடுத்தாலே பெரும்பாலும் சேர்ந்துவிடும். பொமரேனியனுக்கு வந்தது மற்றது, உயிர்ப்பே இல்லாத முனைகள். அவற்றைச் சீவிவிட்டு, தோள் பக்கத்து எலும்பின் உள்ளிருந்து பஞ்சு போன்ற எலும்பைச் சுரண்டி எடுத்து இடையில் வைத்து, பிளேட் போட்டார்கள். இப்போது லேசாக நொண்டினாலும் காலை ஊன்றுகிறது.

பூனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறியும் ஈரலும் மட்டுமே தின்று வளர்ந்த ஒரு குட்டி, கீழே விழாமலே கால் முறிந்து வந்தது. வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, உடம்பு எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும், எக்ஸ்ரேயில் எலும்பு ஈர்க்குச்சி மாதிரி தெரிந்தது. அதில் ஸ்க்ரூ நிற்காது, சாப்பாட்டை மாற்றிக் கூண்டில் ஓய்வு கொடுப்பதுதான் முதல் வைத்தியம். இன்னொன்று, வலிக்கிறதே என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து.

எனக்கு மிகவும் வருத்தமானது நம் நாய் மணியின் விஷயம். பிளேட் வைத்த பதினைந்தாவது நாள் நன்றாக நடக்கிறானே என்று தெருவில் விட்டோம், விட்டது நான்தான். வலி குறைந்ததும் நாய் நடந்துவிடும், எலும்பு அதற்குள் சேர்ந்திருக்காது. சின்னக் குட்டிக்கு நாலைந்து வாரம் போதும், வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மணி மற்ற நாய்களோடு ஓடி, பிளேட் வளைந்து, ஸ்க்ரூ கழன்று, உள்ளே சீழும் வைத்துவிட்டது. சீழ் இருக்கும்போது ஆட்டமும் இருந்தால் எலும்பு சேரவே சேராது. மறு ஆபரேஷன் செய்தாகிவிட்டது.

அதனால் செயற்குழுவில் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு முறிவுக்கும் ஒருவர் பொறுப்பு, அவர் பெயரும் அடுத்த எக்ஸ்ரே தேதியும் பதிவேட்டில் ஏறும். எலும்பு சேர்ந்தது என்று டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லாமல் எந்த நாயையும் வெளியே விடுவதில்லை. கட்டுப் போட்டிருந்தால் நடு விரல்கள் இரண்டும் வெளியே தெரிய வேண்டும், தினமும் தொட்டுப் பாருங்கள், நகங்கள் அகன்று விரிந்தாலோ விரல் சில்லிட்டாலோ கட்டு நாறினாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். மழைக்குக் கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றினால் வெளியே போய்வந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

மடக்குக் கூண்டு நம்மிடம் போதவில்லை, வீட்டில் சும்மா கிடந்தால் தாருங்கள். மணிக்கு அடுத்த வியாழக்கிழமை காலை எக்ஸ்ரே. அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், வரமுடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்