மூன்று பெயர், ஒரே கல்லா

அன்புள்ள எல்லாருக்கும்,

நாம் காத்திருந்த கடிதம் வந்துவிட்டது. நம் பழைய பப் கட்டடம் தப்பித்தது. நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லி யார் வயிற்றெரிச்சலையும் கிளப்பப் போவதில்லை. அதைக் காப்பாற்ற, லண்டன் பெத்னல் கிரீனில் இருக்கும் இந்தத் தெருமுனை பப்பை (மதுக்கடையை) விக்டோரியா காலத்தில் யார் யார் நடத்தினார்கள் என்று ஆதாரத்தோடு காட்டியாக வேண்டியிருந்தது. கேட்டும் கேட்காமலும் வந்து கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி. அதிலும் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நார்விச்சிலிருந்து மூன்று வரி எழுதி அனுப்பிய அந்த அம்மாவுக்குத்தான். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. இந்த பப்போடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1860களிலும் 70களிலும் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்து வந்து போனதாகத்தான் நம் பட்டியலில் இருந்தது. மூன்று வெவ்வேறு குடும்பப்பெயர்கள் இருந்தால் வேறென்ன நினைப்பது? போஸ்ட் ஆபீஸ் டைரக்டரி என்ற அச்சிட்ட முகவரிப் புத்தகத்தை நம்பி எழுதிய பட்டியல் அது. அந்த டைரக்டரி, முந்தைய ஆண்டின் கடைசியில் திரட்டிய பெயர்களோடு வரும். 1866 பதிப்பில் ஒருவர் இருந்தால், 1865 இறுதியில் அவர் அங்கே இருந்தார் என்று மட்டுமே பொருள். நடுவில் சில மாதங்கள் நடத்தியவர் இரண்டு பதிப்புகளுக்கும் இடையே விழுந்து காணாமலே போய்விடுவார். சென்சஸ் என்றால் பத்தாண்டுக்கு ஒரே ஓர் இரவு: 1861 ஏப்ரல் 7, அப்புறம் 1871 ஏப்ரல் 2. இணையத்தில் சுற்றும் பப் பட்டியல்கள் பலவும் இந்த ஆண்டுகளை அப்படியே எடுத்து, ஆள் அந்த ஆண்டில்தான் பொறுப்பேற்றார் என்பது போலப் போட்டுவிடுகின்றன.

“ஆளைத் தேடாதீர்கள், கல்யாணத்தைத் தேடுங்கள்” என்பது அந்த அம்மாவின் முதல் வரி. இரண்டாவது வரியில் திருச்சபைத் திருமணப் பதிவேட்டின் பக்க எண். மூன்றாவது வரி, “அப்பா பெயர் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள்.”

1837 ஜூலை முதல் 2021 வரை இங்கிலாந்தின் திருமணப் பதிவுகள் எல்லாம் ஒரே அச்சுப் படிவத்தில்தான் இருந்தன. பெயர், வயது, மணமாகாதவரா விதவையா, தொழில், குடியிருந்த இடம், தகப்பனார் பெயர், அவர் தொழில். மணப்பெண் விதவையானால் பெயர்க் கட்டத்தில் இருப்பது இறந்துபோன கணவரின் குடும்பப்பெயர். தகப்பனார் கட்டத்தில் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர். மேல் வரியில் மாப்பிள்ளையின் பெயர். ஆக மூன்று பெயர்கள். நம் பட்டியலில் இருந்த அதே மூன்று! தகப்பனாரின் தொழில் உரிமம் பெற்ற மதுக்கடைக்காரர். இருவரின் முகவரியும் அதே பப்.

அப்பா, முதல் கணவர், இரண்டாம் கணவர். மூன்று குடும்பம் என்று நாம் எண்ணிய காலம் முழுக்கக் கல்லாவில் இருந்தது ஒரே பெண்தான். உரிமதாரர் இறந்தால், உரிமம் மாற்றும் அடுத்த அமர்வு வரை விதவையே கடையை நடத்தலாம். மறுமணம் ஆனதும் புதுக் கணவர் பெயருக்கு உரிமம் மாறுவது வழக்கம். தனியாக ஏற்பாடு எழுதிவைக்காவிட்டால், அன்றைய சட்டப்படி கடைச்சரக்கிலிருந்து கல்லாப்பணம் வரை எல்லாம் அந்தப் புதுக் கணவருக்கே போய்ச் சேரும். மனைவியின் சொத்து மனைவிக்கே என்று முழுதாக ஆனது 1882 சட்டத்துக்குப் பிறகுதான். டைரக்டரியில் அவள் பெயர் ஒருமுறைகூட வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூலப் பதிவேட்டின் படத்தைத்தான் பார்க்க வேண்டும், விலைக்கு வாங்கும் சான்றிதழ் போதாது என்றும் நார்விச் அம்மா பிறகு எழுதினார். பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதியும் தலைமைப் பதிவகத்துக்குப் போனது பாதிரியார் எழுதி அனுப்பிய நகல், அதில் கையெழுத்துகளும் அவர் கையாலேயே இருக்கும். மூலத்தில் பார்த்தால், நம் பெண்மணி புதுப் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, ஒரே கோட்டில் அடித்து, பழைய கணவரின் பெயரை நெருக்கி எழுதியிருக்கிறார். மை அந்த இடத்தில் மட்டும் தடித்திருக்கிறது.

மூன்று பெயரும் ஒரே பெண்ணைச் சேர்ந்தவைதான் என்று உறுதிப்படுத்த இரண்டு வழிகளை அந்த அம்மாவே சொன்னார். தலைமைப் பதிவகத்தின் புதிய பிறப்பு அட்டவணையில் 1837 முதலே தாயின் கன்னிப்பெயர் கிடைக்கும். இரண்டு கணவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே பெயர் இருந்தது. அடுத்தது 1871 சென்சஸ். அதில் குடும்பத் தலைவருக்கு ஒன்பது வயதில் ஒரு “மருமகன்” (சன்-இன்-லா)! சிரிக்காதீர்கள், மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த பிள்ளையை அந்தக் காலத்தில் அப்படியும் எழுதுவார்கள். பாரில் வேலை செய்தவளை “நீஸ்” (உடன்பிறந்தாரின் மகள்) என்று எழுதியிருந்தால், அவள் கணவர் பக்கமா மனைவி பக்கமா என்பதை மட்டும் சென்சஸ் சொல்லாது. அதற்குத் திருமணச் சாட்சிகளின் பெயர்களைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். தெருப்பெயரும் கதவெண்ணும் மாறிய குழப்பத்தை, ஒரு மைலுக்கு ஐந்தடி அளவில் வரைந்த ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துத் தீர்த்தவர். 1830 சட்டத்தின்படி இரண்டு கினி (பழைய ஆங்கிலப் பணக் கணக்கு) உரிமக் கட்டணம் கட்டி பியர் மட்டும் விற்ற காலத்தில் டைரக்டரி கடையின் பெயரைப் போடாமல் “பியர் சில்லறை வியாபாரி” என்று மட்டும் போடும் என்பதைப் பிடித்து, கதவெண்ணை வைத்தே கடையை அடையாளம் கண்டவர். 1872 சட்டத்துக்குப் பிந்தைய உரிமப் பதிவேட்டில் உரிமதாரரோடு கட்டட உரிமையாளர் பெயரும் இருக்கும் என்று, கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவர்கள். லண்டனின் ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்றத்துக் கள்ளநாணய வழக்குகளில் பப்காரர்களின் சாட்சியத்தைத் துழாவியவர். செல்லாக்காசை நீட்டியவனைப் பிடித்த கடைக்காரர், “இன்ன பப்பை நான் நடத்துகிறேன்” என்று தொடங்குவார். தேதியோடு அப்படி ஒரு வரி கிடைத்தால் இரண்டு டைரக்டரிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி அடைபட்டுவிடும். பேங்க்ராஃப்ட் சாலையில் டவர் ஹேம்லெட்ஸ் வரலாற்று நூலகத்து மேசையில், மூடும் நேரத்திலும் முகம் சுளிக்காத இருவர். எல்லாருக்கும் கும்பிடு.

ஒன்று வாக்குக் கொடுக்கிறோம். திரட்டியதை எல்லாம் ஆவண எண்ணோடு அந்த நூலகத்திலேயே வைப்போம். நடத்தியவர்கள் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர்தான் முதன்மை வரியாக இருக்கும். அப்பாவும் இரண்டு கணவர்களும் அதற்குக் கீழே, அவரவர் ஆண்டுகளோடு.

1880களுக்குப் பிந்தைய புகைப்படம் யாரிடமாவது இருந்தால் அட்டையிலிருந்து உரிக்காமல், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். பென்சிலில் எழுதிய பெயர்கள் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.