கட்டுத்தரையில் நிற்கவிட்டவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் மாடு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்.

மாட்டுத் தோலில் கட்டி கட்டியாகக் கிளம்புகிற தோல் கழலை நோய் இந்த ஊருக்குள் எப்படி நுழைந்தது என்று விசாரித்து மூன்று வாரம் உங்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கினோம். மாடு படுத்துக் கிடக்கிற வீட்டில் கேள்வி கேட்க வந்தவர்களுக்கு மோர் கொடுத்தீர்கள். மறக்க முடியாது.

பால் சங்கச் செயலாளருக்குத்தான் முதல் நன்றி. காய்ச்சல் என்றைக்கு வந்தது என்று கேட்டால் "அமாவாசைக்கு முந்தி" என்பார்கள். உங்கள் நோட்டில் தேதியே இருந்தது. தினம் ஆறு லிட்டர் ஊற்றிய வீட்டில் ஒருநாள் இரண்டரை. நாலு நாள் கழித்து பக்கத்து வீட்டிலும் அதே கதை. நோய் போன வழியை அந்த நோட்டை வைத்துத்தான் வரைந்தோம்.

அடுத்து, சந்தையில் மாடு பிடித்து வந்த அண்ணனுக்கு. பெயர் போடவில்லை. "என் கிடேரிக்குத்தான் முதல்ல கட்டி கிளம்புச்சு" என்று நீங்களே வந்து சொன்னீர்கள். மறைத்திருந்தால் நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருப்போம். உங்களைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒன்று: வைரஸ் உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய நாலு வாரம்கூட ஆகலாம். வாங்கும்போது அது நல்ல மாடுதான். கடிக்கிற ஈயும் கொசுவும் உண்ணியும் வேலி பார்த்தா போகின்றன? 1929இல் ஜாம்பியாவில் தென்பட்ட நோய், 2019இல் ஒடிசாவுக்கு வந்தது. அதுவும் அண்ணன் பிடித்த கயிற்றிலா வந்தது?

வடக்குத் தெரு ஆத்தாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. "ஏனுங்க டாக்டரு, அந்தக் கட்டுத்தரைய மிதிச்ச செருப்போடயா உள்ள வர்றீங்க?" என்று மறித்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைக் காலடியில் வைத்தீர்கள். கட்டியிலிருந்து உதிர்ந்த பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். வெட்கமாகப் போய்விட்டது.

இந்த நோய்க்காக மாடுகளுக்கும் போடுகிற ஆட்டம்மைத் தடுப்பூசிப் பெட்டியை வெயிலில் சுமந்து வந்த தம்பிகளுக்கும், இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது, பாலைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நாங்கள் சொன்னதை நம்பி ஊர்ப் பாலையே வாங்கிய டீக்கடைக்காரருக்கும் நன்றி.

பொருக்கு மாதிரிகளின் முடிவு வந்துவிட்டது. சனிக்கிழமை காலை, பால் ஊற்றுகிற நேரத்துக்கு சங்கத்தில் வந்து விளக்குகிறோம். நோட்டையும் அன்றைக்கே தந்துவிடுகிறேன். அட்டையில் டீ கொட்டியது நான்தான், செயலாளர் மன்னிக்கவும்.