மூடுபனியில் முன்னே நின்றவருக்கு நன்றி

அன்புடையீர்,

மலைமேட்டில் மூடுபனியில் எங்கள் குழு சிக்கிக்கொண்டதை நீங்கள் அறிவீர்கள். அனைவரும் நலமாக இறங்கிவிட்ட நிலையில் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. தேடி ஏறி வந்த மீட்புக் குழுவினர், உதவி கேட்டு நாங்கள் விசிலில் ஊதிய ஆறு ஊதல்களுக்கு, கேட்டுவிட்டது என்பதற்கு அடையாளமான மூன்று ஊதல்களால் பதில் தந்து தைரியமூட்டியோர், அடிவாரத்தில் விளக்கோடு காத்திருந்தோர், வீட்டாருக்குத் தகவல் சொன்னோர் ஆகிய அனைவருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

ஆயினும் இம்மடலை எழுத வைத்தவர், வழியில் எங்களோடு சேர்ந்துகொண்ட, பெயர்கூடக் கேட்டறியாத ஓர் அம்மையார். பார்வை இருபது மீட்டரைத் தாண்டாத அந்தப் பனியில், காம்பஸ் காட்டிய திசையில் குறிவைக்க ஒரு பாறைகூடத் தென்படவில்லை. "நான் முன்னால் போய் நிற்கிறேன், தம்பி, என்னையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலால் தரையைத் தட்டிப் பார்த்தபடி அவர் நடந்தார். உருவம் மங்கத் தொடங்கும் இடத்தில் நான் குரல் கொடுத்ததும் நிற்பார். "இடப்பக்கம் ஓரடி" என்றால் ஓரடி நகர்வார். நாங்கள் வந்து சேரும்வரை அசையமாட்டார். காலடிகளை எண்ணி, நூறு மீட்டருக்கு ஒரு கூழாங்கல்லாக வலப் பையிலிருந்து இடப் பைக்கு மாற்றிக் கணக்கு வைத்தவரும் அவரே. 1:25,000 அளவு வரைபடத்தில் 4 சென்டிமீட்டராகத் தெரிந்த ஒரு கிலோமீட்டர் தூரம், பத்துக் கற்களில் முடிந்தது.

ஒரு பாகை பிசகினாலே கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் விலகிவிடும் என்பதால், பாதை ஓடையைக் கடக்கும் இடத்துக்கு நேராகக் குறிவைக்காமல், வேண்டுமென்றே சற்று வலப்பக்கம் தள்ளிக் கோணம் வைக்கச் சொன்னார். ஓடையை அடைந்ததும் எப்பக்கம் திரும்புவது என்ற குழப்பமே எழவில்லை. இடப்பக்கம் நடந்தோம், பாதை கிடைத்தது.

என்னைவிடப் பன்மடங்கு தேர்ந்தவர் அவர். காம்பஸை வாங்கிக்கொண்டு தாமே வழிநடத்தியிருக்கலாம், நானும் மறுத்திருக்கமாட்டேன். அதை என் கையிலேயே விட்டுவிட்டு, காற்றிலும் ஈரத்திலும் தனியே நிற்கும் வேலையைத் தாம் எடுத்துக்கொண்டார். வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) நெருங்கிக் கிடந்த அந்தச் செங்குத்தான சரிவில், விளிம்பு வந்தால் முதலில் அதைச் சந்திப்பவர் முன்னே செல்பவர்தான் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

நூறு மீட்டருக்குத் தத்தமக்கு எத்தனை காலடி என்பதைச் சமதளத்திலும் ஏற்றத்திலும் தனித்தனியாக எண்ணிப் பழகத் தொடங்கியிருக்கிறோம். பனியில் முன்னே போய் நிற்கும் பொறுப்பை, அம்மா, இனி எங்கள் குழுவில் நான் ஏற்கிறேன்.