செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கைப் பொருளாளர் சொல்வார். கூட்டக் குறிப்புகள் இரண்டு தடவை பிந்தியது என் பிழை. இந்த ஆண்டு நம்மவர்கள் தொடங்கிய தொழில்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் நம் அங்கத்தவர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இடித்து விற்கப் புறப்பட்டார். வங்கியில் அரச உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்குக் கேட்டார்கள். (ஆங்கிலேயர் காலத்து ஐரோப்பிய வங்கிகளும் உள்ளூர் வியாபாரியை நேரே நம்பியதில்லை, நடுவில் வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் நின்றால்தான் காசு.) கடைசியில் அக்காவின் காப்பும் பெரியம்மாவின் சீட்டுக் காசும்தான் முதல். செத்தல் மிளகாயை, அப்பாவை அறிந்த புறக்கோட்டை முஸ்லிம் வியாபாரி ஒருவர் கடனுக்குக் கொடுத்தார். சரி, தூள் ஆயிற்று, வாங்குவது யார்? சொந்தக்காரர் வீடுகளோடு விற்பனை நின்றது. ஒரு நாள் மகளின் ரியூசன் வாசலில், பெயர்கூடத் தெரியாத இன்னொரு தாய், "என்ட தம்பி வெள்ளவத்தைக் கடைகளுக்குச் சாமான் போடுறவன், கதைச்சுப் பாருங்கோ" என்றார். இப்போது தூள் அந்த வழியில்தான் போகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதியதும் இதைத்தான்: நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி அரைகுறைப் பழக்கத்தில் வரும். அவர் பார்த்தது வேலை கிடைத்தவர்களை. கறித்தூளுக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

சொந்தத்துக்குள் முதல் போடுவதில் வில்லங்கமும் உண்டு. மச்சான்மார் இருவர் வாய்ப்பேச்சில் சேர்ந்து ஒரு வான் வாங்கிப் பொதி ஏற்றினார்கள். இலாபம் வந்த பிறகுதான் சண்டை. யார் எவ்வளவு போட்டது என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. நிருவாகக் குழு இருவரையும் இருத்திக் கதைத்தது. ஒருவர் தேநீரைத் தொடவேயில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே பங்குதாரரோடும் கம்பனி பதியலாம். மனம் கோணும் என்று மச்சானைப் பங்காளியாக்க வேண்டியதில்லை. ஆக்கினால், முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. கூட்டத்துக்கு வந்தாலும் நாம் ஊர் ஊராகத்தான் இருக்கிறோம்: பருத்தித்துறை ஒரு மேசை, மட்டக்களப்பு ஒரு மேசை, ஹட்டன் பின்வரிசை. தேநீர் நேரத்தில் கதிரைகளைக் குலைத்துப் போடக் குழு இணங்கிவிட்டது. வடைச் செலவுக்குத்தான் பொருளாளர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

செயலாளர்,
கொழும்பு