முட்டி வலிக்கு வந்தாலும் நெஞ்ச கேட்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் திருச்சில 14 வருஷமா பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன், காலைல கிளினிக், சாயங்காலம் வீட்டுக்கே போய் பாக்கறது. ரொம்ப நாளா மனசுல இருக்கற ஒரு விஷயம், உங்க பேப்பர்ல வந்தா நாலு வீட்டுக்காவது போய் சேருமேன்னு எழுதறேன்.

போன மாசம் ஒரு வீட்டுல அம்மாவுக்கு முட்டி வலின்னு கூப்பிட்டாங்க, எழுபது தாண்டினவங்க. நான் பையிலேருந்து ஸ்டெதஸ்கோப்ப எடுத்ததும் மகன் "மேடம், முட்டிக்குத்தான வந்தீங்க, இது எதுக்கு?"ன்னு கேட்டாரு. அவர் மேல தப்பில்ல, ஏன்னா அதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல மூணு வாரம் எக்சர்சைஸ் குடுத்திருக்காங்க, ஒருத்தர் கூட நாடி பிடிச்சு பாக்கலயாம். நாலு தடவ எந்திரிச்சு உக்காந்தாலே மூச்சு வாங்குது, வயசாயிடுச்சுன்னு விட்டுட்டாங்க, ரெண்டு காலும் வீங்கியிருக்கு, அதையும் முட்டி கணக்குலயே சேத்துட்டாங்க. நான் கணுக்கால் மேல கட்டவிரல வச்சு அழுத்தி எடுத்தேன், பள்ளம் அப்படியே நிக்குது, உள்ள நீர் கோத்திருக்குன்னு அர்த்தம்.

டிவிய அணைக்க சொல்லி, ஃபேன நிறுத்தி, கதவ சாத்திட்டு அம்மாவ இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சேன். புடவைக்கு மேல வச்சா துணி உரசற சத்தம்தான் கேக்கும், அதனால தோல் மேலயே வைக்கணும். ஸ்டெத்துல பெல்னு ஒரு பக்கம் இருக்கு, இடது மார்புக்கு கீழ அத பட்டும் படாம வைக்கணும், அழுத்தினா அந்த சன்னமான சத்தம் போயிடும். லப்-டப்னு நாம சொல்றது வால்வுங்க மூடற சத்தம், எல்லாருக்கும் உள்ளது. இந்த அம்மாவுக்கு டப் முடிஞ்சதும் ரொம்ப மெதுவா இன்னொரு "தும்" கேட்டுச்சு. மூணாவது சத்தம்னு சொல்வோம், சின்ன பசங்க, கர்ப்பமா இருக்கறவங்ககிட்ட கேட்டா பெரும்பாலும் பயமில்ல, ஆனா 40 வயசு தாண்டி மூச்சு வாங்கறவங்ககிட்ட கேட்டா ஹார்ட் ஃபெயிலியரான்னு, அதாவது ஹார்ட் ரத்தத்த சரியா பம்ப் பண்ணலயான்னு, உடனே பாத்தாகணும். "ராத்திரி எத்தன தலகாணி வைக்கறீங்கம்மா?"ன்னு கேட்டேன். "மூணு வைப்பேன், சில நாள் உக்காந்தே தூங்கிடுவேன்"னாங்க. சமமா படுத்தா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், வீட்டுல யாருக்கும் அது தெரியாது.

அன்னிக்கு எக்சர்சைஸே பண்ணல, நேரா ஹார்ட் டாக்டர்கிட்ட அனுப்பினேன். எக்கோ, அதாவது ஹார்ட் ஸ்கேன், எடுத்து பாத்ததுல பம்பிங் ரொம்ப கம்மி. இப்ப மாத்திர சாப்பிட்டு வீக்கம் வடிஞ்சு, டாக்டர் சரின்னு சொன்னப்பறம் மெதுவா ஆரம்பிச்சிருக்கோம், நேத்து வாசல் வரைக்கும் நடந்தாங்க.

நோய் இன்னதுன்னு சொல்றது டாக்டர் வேல, எங்க வேல இல்ல. ஆனா இன்னிக்கு இவங்கள எக்சர்சைஸ் பண்ண வைக்கலாமா வேணாமாங்கற முடிவு எங்க கைலதான இருக்கு, வயசானவங்களுக்கு வால்வு சுருங்கியிருந்தா வலது பக்கம் ரெண்டாவது விலா இடுக்குல வச்சா புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்கும், கழுத்து வரைக்கும் ஏறும், அது தெரியாம கடுமையா பண்ண வச்சா மயங்கியே விழலாம். சத்தம் சரியா இருந்தா ஹார்ட்டும் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல, ரத்தக்குழாய் அடைப்பு ஸ்டெத்துல கேக்காது, அதனால பிபி, நாடி, ஆக்சிஜன் எல்லாமே சேத்துத்தான் பாக்கணும்.

பெண்களுக்கு கூச்சம் இருக்கும், எனக்கும் புரியுது. 1816ல பாரிஸ்ல லானெக்ங்கற டாக்டர் ஒரு இளம்பெண் நெஞ்சுல காது வச்சு கேக்க தயங்கித்தான் பேப்பர குழாயா சுருட்டி வச்சு கேட்டாரு, ஸ்டெதஸ்கோப் பொறந்ததே அந்த தயக்கத்துலதான். ஒரு துண்டு போத்தி, வீட்டு பொம்பள ஒருத்தர பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டா போதும்.

காலேஜ்ல இத எல்லாருமேதான் படிச்சோம், கிளினிக்ல ஒரு மணி நேரத்துக்கு ஆறு பேர பாக்கணும்னா எங்க கேக்கறது? கிளினிக் நடத்தறவங்க முதல் நாளாவது ஒரு பேஷன்ட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்கணும். வீட்டுல இருக்கறவங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான், பிசியோ ஸ்டெத்த எடுத்தா எதுக்குன்னு சங்கடப்படாம டிவிய அணைச்சுட்டு ரெண்டு நிமிஷம் அமைதியா இருங்க.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட், திருச்சி