தோழிக்கும் ஒரு பிடி அரிசி

டர்பன், சாட்ஸ்வர்த் வட்டாரத் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், ஈமச் சடங்குகளை முன்னின்று நடத்தும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவள். என் வகுப்பில் படிக்கும் 16 வயதுப் பெண் ஒருத்தி, 7 வாரங்களுக்கு முன் சாலை விபத்தில் தன் உயிர்த்தோழியைப் பறிகொடுத்தாள். இருவரும் ஒரே நோட்டில்தான் எழுதுவார்கள். இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் இவளுக்கு. (தனித்தனி நோட்டு வாங்குங்கள் என்று நான் கண்டித்தும் பயனில்லை.) இன்றும் இவள் வலப்பக்கத்தில் மட்டுமே எழுதுகிறாள். சென்ற வாரம் திருத்த எடுத்தபோது பார்த்தேன்: வெறுமையாய் விட்ட ஒவ்வோர் இடப்பக்கத்தின் மேலும் அன்றைய தேதி மட்டும் எழுதப்பட்டிருந்தது.

தகனத்துக்குப் புறப்படுமுன் வீட்டில் வாய்க்கரிசி போட்டபோது, வரிசையில் நின்ற இவளைப் பெரியவர் ஒருவர், "சொந்தக்காரர்கள் மட்டும் வாருங்கள்" என்று ஒதுக்கிவிட்டார். அவர் முறை என்று நம்பியதைச் செய்தார். அவரை நான் குறை கூறவில்லை. கையில் எடுத்த அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் இவள் பள்ளிச் சீருடையின் பையில் போட்டுக்கொண்டாள். 16ஆம் நாள் கருமாதிக்கு இவளை யாரும் அழைக்கவில்லை.

அடுத்த வகுப்பில் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், எனக்குத் தீட்டு உண்டா?"

தீட்டு எப்போது கழியும் என்று நாள் எண்ணியே பழகிய எனக்கு, அது தனக்கும் வேண்டும் என்று ஏங்கும் ஒரு பிள்ளைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தீட்டுக் காக்கும் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொடுத்தனுப்புவார்கள்; அவ்வீட்டார் அழுதால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இவளோ மூன்றாம் நாளே கணக்குத் தேர்வு எழுதினாள்.

தென்னாப்பிரிக்க நாட்டின் சட்டமும் இப்படித்தான் இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் தரும் 3 நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பில், பாட்டன் பாட்டி முதல் உடன்பிறந்தார் வரை இறப்புக்கு இடமுண்டு, நண்பருக்கு இல்லை. சட்டம் எங்கேனும் கோடு கிழித்தாக வேண்டும். நமக்கு என்ன கட்டாயம்? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்கள் தொடங்கி, சுற்றத்தை விட்டுத் தனியாளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இங்கேயே இறந்தவர்களுக்கு இரத்த உறவா வாய்க்கரிசி போட்டிருக்கும்? பக்கத்தில் நின்று கரும்பு வெட்டியவர்தானே போட்டிருப்பார்? புறநானூற்றில், வடக்கிருந்து (உண்ணாநோன்பிருந்து) உயிர்நீத்த மன்னன் கோப்பெருஞ்சோழனின் நடுகல்லின்முன் நின்று, "என் இடம் எது?" என்று கேட்ட பொத்தியாரும் அவனுடைய நண்பர்தாம்.

ஆகவே, குடும்பத்தார் போட்டு முடித்தபின் நண்பர்களையும் அழைத்து ஒரு பிடி அரிசி போடச் சொல்லுங்கள்; கருமாதிப் படையலுக்கு, இறந்த பிள்ளைக்குப் பிடித்த பண்டம் ஒன்றை அவர்கள் கையால் வைக்கவிடுங்கள். வீட்டில் பேச இயலாத பிள்ளைகளுக்காகச் சைல்டுலைன் என்ற குழந்தைகள் உதவி அமைப்பின் 116 என்ற இலவச எண்ணையும் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.

அந்த அரிசி இன்னும் இவளுடைய பென்சில் பெட்டியில்தான் இருக்கிறது. சாவு வீட்டு அரிசியை வைத்திருக்கலாகாது என்பதை நானும் அறிவேன். அதை எங்கே சேர்ப்பது என்று கேட்கிறாள். உங்களிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு ஆசிரியை